அறுபது அடிப் பாறை

மார்ச் 3

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரிப்பதற்கு முன் கையெழுத்தைப் பார்த்தேன், தபால் முத்திரையைப் பார்த்தேன், ஒட்டிய இடத்தை யாராவது பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்றும் பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் எழுதாதவள் எழுதினால் அப்படித்தான் பார்க்கத் தோன்றும்.

சுரங்க வாயை சிமெண்ட் போட்டு அடைக்கப் போகிறார்கள், அலுவலகத்தைச் சுற்றுலா வருகிறவர்கள் பார்க்கிற இடமாக்கப் போகிறார்கள், பழைய சுரங்க வரைபடங்களை எடுத்துப் போவதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருக்கிறாய். மொத்தம் மூன்று வரி. நான் இங்கே அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன். மூன்று வரியில் முடிக்கிறவர்கள் முப்பது வரியை மறைக்கிறார்கள் என்பது என் அனுபவம். உனக்கு என்ன வேண்டும்? அப்பா வீட்டுக்கு என் கையெழுத்தா? என் விலாசத்தை யார் கொடுத்தது?

நான் மறந்திருப்பேன் என்று நினைத்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். புதிய பாதை வெட்டியபோது, தண்ணீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கத்துக்கும் அதற்கும் நடுவே எத்தனை அடி பாறை மிச்சம் என்று அளந்து சொல்வது என் வேலை. பழைய சுரங்கத்தின் படத்தை விரித்து அளந்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அறுபது அடி. வெடிக்காரர் அலுவலக வாசலில் நின்று, "எவ்ளோ பாறை இருக்கு படக்காரரே?" என்று கேட்டார். "அறுபது. முப்பது அடி கண்ண மூடிட்டு வெட்டலாம்" என்றேன். பத்தொன்பதாவது அடியில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. அவரும் வண்டி தள்ளிய இரண்டு பேரும் மேலே வரவில்லை.

விசாரணையில் தலைமைப் பொறியாளர் அதே படத்தை மேசையில் விரித்து அளந்து, இருபது என்றார். நான் அளந்தால் அறுபது, அவர் அளந்தால் இருபது. ஒரே படம் ஆளைப் பார்த்து அளவு காட்டுமா? படம் மாற்றப்பட்டது. அலமாரிச் சாவி, என்னோடு அதே அலுவலகத்தில் வேலை பார்த்த உன் வீட்டுக்காரனிடம் இருந்தது. நான் எடுத்து வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த நகல், விசாரணைக்கு மூன்று நாள் முன்பு காணாமல் போனது. அந்த வாரம் என் வீட்டுக்குள் வந்து போனவன் அவன் ஒருவன்தான். விசாரணையில் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்கள். அளந்தது நீயா? எத்தனை அடி? மூன்றாவதாக நானே பேச வாயைத் திறந்தேன், உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவனிடம், "இவர் எப்படி அளந்தார், எதால் அளந்தார்?" என்று கேட்டார்கள். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவன், "எனக்குத் தெரியாதுங்க" என்றான். மறு மாதம் என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

போன வருஷம் அவன் சாவுக்கு நான் வரவில்லை என்று நீ வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தப்படு. நான் முப்பத்தொரு வருஷமாகப் படுகிறேன்.

உன் அண்ணன்

*

மார்ச் 10

அண்ணாவுக்கு,

மூன்று வரிக்கு நான்கு பக்கம் பதில் வந்தது. நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

உங்கள் கையெழுத்து வேண்டாம். அப்பா வீட்டுக் கூரை இரண்டு மழைக்கு முன்பே உள்ளே விழுந்துவிட்டது. நான்கு சுவர் நிற்கிறது, வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். விலாசம் கொடுத்தது உங்கள் மகள். அவள் வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு எழுதுவாள். அவளைத் திட்டாதீர்கள், அத்தைக்கு எழுதுவது குற்றம் இல்லை.

நானூறு வீட்டில் இப்போது ஒன்பது வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. தபால் அலுவலகம் வாரத்தில் இரண்டு நாள் திறக்கிறது. சுரங்கத்தின் டெலிபோன் பலகையில் இருபது வருஷம் உட்கார்ந்து ஊர் முழுவதையும் பேச வைத்தவள் நான். இன்றைக்கு என் வீட்டு மணி அடித்தால் தவறான எண்ணாகத்தான் இருக்கும். அலுவலகச் சாவி அவர் போனதிலிருந்து என்னிடம் இருக்கிறது. வேறு யாரும் வாங்கிக்கொள்ள வரவில்லை.

இப்போது சுற்றுலா அதிகாரி ஒரு அம்மா வருகிறாள். நல்ல மாதிரி. படங்களைத் தடவிப் பார்த்து, "இது பேப்பரா துணியாங்க?" என்று கேட்டாள். கஞ்சியும் பசையும் ஏற்றிய மெல்லிய துணி, துவைத்தால் கஞ்சி போய்ப் பட்டு மாதிரி ஆகிவிடும், இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் கழித்துப்போட்ட படத்தைத்தான் உடுத்தி வளர்ந்தார்கள் என்றேன். கடைக்காரர் மகன் முதுகில் சுரங்கத்தின் மூன்றாம் தளப் படத்தோடு பள்ளிக்கூடம் போனதைச் சொன்னேன். நம்பவில்லை.

ஜூன் ஒன்றாம் தேதி வாசலில் ஒரு பலகை வைக்கிறார்கள். ஊர் பிறந்தது, செம்பு தோண்டியது, மூடியது எல்லாம் அதில் வரும். விபத்தைப் பற்றி இப்படி எழுதி வைத்திருக்கிறாள்: "வரைபட நகலாளர் ஒருவரின் அளவுப் பிழையால் நீர் புகுந்து மூவர் இறந்தனர்." எனக்குக் காட்டி, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் எழுதினேன். நேரில் பேச வேண்டியதைக் கடிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

அவரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரன் என்று எழுதினீர்கள். உங்களுக்கு அவர் மச்சான்.

தங்கை

*

மார்ச் 15

தங்கைக்கு,

அந்த வரி பலகையில் வரப் போகிறது என்றால் வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி காலை பஸ். ஊர் பார்க்க வரவில்லை, அளக்க வருகிறேன். என் எஃகு அடிக்கோலைக் கொண்டு வருகிறேன். உன் ஊர் அடிக்கோல் எதையும் நம்புவதாக இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. வழி எனக்குத் தெரியும். சாப்பாடு வேண்டாம். மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அண்ணன்

*

மார்ச் 27

தங்கைக்கு,

இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். பார்த்ததை எழுதி வைப்பது என் பழக்கம். பிற்பாடு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

பள்ளத்தாக்கு அழகாக இருக்கிறது. நாம் இருந்தபோது அது அழகு என்று யாருக்குத் தெரியும்? புகைக்கு அந்தப் பக்கம் மலை இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது ஆற்றின் மேலிருந்து பனி எழுந்து வெயில் ஏறும் வரைக்கும் தொங்குகிறது. நாம் கொட்டிய கழிவு மேட்டில் மஞ்சள் பூ மண்டிக் கிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். கூண்டை இறக்கி ஏற்றிய பெரிய சக்கரத்தின் அடியில் ஒருத்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அதற்குக் கீழே எத்தனை ஆழம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வராதே என்று சொல்லியும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றாய். அது ஒன்று.

சாப்பாடு வேண்டாம் என்று எழுதியிருந்தேன். இரண்டு தட்டு ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. என்னை எத்தனை நேரம் வீட்டில் உட்கார வைப்பது என்று நீ முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறாய்.

உன் கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி இருக்கிறது. செருப்பைத் தேடி நான் குனிந்தபோது அதைக் காலால் சுவர் ஓரமாகத் தள்ளினாய். பேச்சை நிறுத்தாமல் தள்ளினாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் என் மேசையும் அடுப்பும் அப்படியே இருக்கின்றன. கூரை ஒழுகிய வருஷம் எல்லாரும் அவரவர் வீட்டுக் கூரையைப் பார்க்க ஓடினார்கள். நனைந்த படங்களை எடுத்து, அந்த அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒவ்வொன்றாகக் காயப்போட்டுக் காப்பாற்றியவன் நான். அந்தப் படத்தைத்தான் நீ என்னைத் தொட விடவில்லை. "அதிகாரி அம்மா பட்டியல் போட்டுட்டாங்க, பாக்கலாம், தொடக் கூடாது" என்றாய். அடிக்கோலை எடுத்ததும் என் கையைப் பிடித்தாய். "அண்ணா, அளக்க வேணாம். வேற பேசலாம்." ஏன் அளக்க வேண்டாம்? அளவுக்குப் பயப்படுகிறவர்கள் யார்?

கடைசியாக வெடிக்காரர் வீடு. தெருவோடு போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டாள்.

"யாரு, படக்காரரா? இன்னும் நிமிந்துதான் நடக்கறீங்க."

"ஆமாம்மா."

"கடைசியா உங்ககிட்டதான் கேட்டுட்டு எறங்குனாரு, எவ்ளோ பாறை இருக்குன்னு."

"கேட்டாரு. சொன்னேன்."

"நில்லுங்க" என்று சொல்லி ஜன்னலை மூடிவிட்டு உள்ளே போனாள். நின்றேன். வரவில்லை. வாசலில் நிற்க வைத்து அவமானப்படுத்த நினைத்திருக்கிறாள். போய்விட்டேன். இதையும் நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய்.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

அந்த அம்மா நீங்கள் உட்கார நாற்காலி எடுக்கப் போனாள். அவளுக்கு முழங்கால் மடங்காது. நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குக் கால் மணி ஆகும். வந்து பார்த்தபோது நீங்கள் இல்லை. "ஒங்கண்ணன் கோவம் இன்னும் ஆறலையா?" என்று என்னிடம் கேட்டாள்.

இரண்டு தட்டு விஷயம். ஒரு தட்டு அவருடையது. கழுவிக் கவிழ்த்துவைப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் முறை. நீங்கள் வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நீண்ட கறுப்புக் குடை கொண்டு வந்தீர்கள். தெருவில் விரிக்கவில்லை, கூரை இல்லாமல் மொட்டையாகக் கிடந்த பஸ் ஸ்டாண்டிலும் விரிக்கவில்லை. போகும்போது அதைக் கையில் தொங்கவிடாமல் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். நான் டெலிபோன் பலகையில் வேலை பார்த்தவள். ஆளைப் பார்க்காமலே மூச்சை வைத்துப் பொய்யைக் கண்டுபிடித்தவள். ஆளையே பார்த்துவிட்டு எனக்குத் தெரியாமல் இருக்குமா? இருந்தும் நம்ப மனம் வரவில்லை. அலுவலகத்துக்குப் போய் எண்ணினேன். நாற்பத்தொரு படம் இருக்க வேண்டும். நாற்பது இருக்கிறது. குறைவது பழைய சுரங்கத்தின் படம்.

ஒரு ஜோடி சக்கரத்தின் முன்னால் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டதே, அந்த ஐந்து நிமிடம்தான் நான் வெளியே போனேன். உங்கள் வயதுக்கு நல்ல வேகம்.

அதிகாரி அம்மா மே கடைசியில் படங்களை எண்ணி வாங்கிக்கொள்வாள். குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது நான். திருட்டுப் பட்டம் எங்கள் வீட்டுக்கு உங்கள் புண்ணியத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இரண்டாவது வேண்டாம். படத்தை அனுப்பிவிடுங்கள். அளக்காமல் அனுப்பிவிடுங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 9

தங்கைக்கு,

ஆமாம், எடுத்தேன். மறைக்கவில்லை. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அளந்துவிட்டேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, படத்தை விரித்து, நான்கு மூலையிலும் கனம் வைத்தேன். மகள் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் மாலை போட்டிருக்கிற உன் அண்ணியின் படமும், மகள் கைக்குழந்தையாக வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிற படமும் சாட்சி. அதே எஃகு அடிக்கோல். பழைய சுரங்கத்தின் முனை வரைக்கும் அளந்தேன், புதிய பாதை வரைக்கும் அன்று நேரில் அளந்த தூரத்திலிருந்து அதைக் கழித்தேன். அறுபது. மறுபடி அளந்தேன். அறுபது. மூன்றாவது தடவை மகளையே அளக்கச் சொன்னேன். "அறுபதுதாம்ப்பா" என்றாள்.

இப்போது தெளிவாகிவிட்டது. என்னிடம் கொடுத்த படம் இதுதான். விசாரணையில் வேறொரு படத்தை விரித்திருக்கிறார்கள். பிறகு அசலை அலமாரியில் திரும்ப வைத்திருக்கிறான், உன் வீட்டுக்காரன். சாகும் வரைக்கும் முப்பது வருஷம் அதற்குக் காவலாக உட்கார்ந்திருந்தான். அவன் போன பிறகு நீ உட்கார்ந்திருக்கிறாய். அளக்க வேண்டாம், அளக்காமல் அனுப்பு என்று நீ கெஞ்சுவதன் அர்த்தம் இதுதான்.

பதினேழு மனு அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இனி மனு கிடையாது. ஜூன் ஒன்றாம் தேதி பலகையைத் திறக்கும்போது வருவேன். பொறியியல் கல்லூரியில் நில அளவை கற்பிக்கிற ஒரு பேராசிரியரைப் பார்த்துப் பேசிவிட்டேன். கூட வருகிறேன் என்றார். எல்லார் முன்னாலும் இந்தப் படத்தை விரித்து அவரை அளக்கச் சொல்வேன். வெடிக்காரர் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வை. யார் திருடன், யார் மூன்று பேரைக் கொன்றது என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

"அப்பா, அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்கிறாள் மகள். அத்தையிடம் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

பேராசிரியரை அழைத்து வராதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவர் படத்தை விரித்தால் முதலில் உங்கள் அடிக்கோலை வாங்கிக் கீழே வைப்பார். பிறகு என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

படத்தின் கீழே வலது மூலையில் ஒரு கோடு வரைந்திருக்கிறது. அதன் மேல் ஐந்நூறு அடி என்று எழுதியிருக்கும். ஒரு அங்குலத்துக்கு ஐம்பது அடி என்பது கணக்கு. அப்படியானால் அந்தக் கோடு உங்கள் அடிக்கோலில் சரியாகப் பத்து அங்குலம் இருக்க வேண்டும். வைத்துப் பாருங்கள். இருக்காது.

துணி சுருங்கியிருக்கிறது அண்ணா. கூரை ஒழுகிய வருஷம் நனைந்து, அடுப்பைச் சுற்றிக் காய்ந்தபோது சுருங்கியது. ஐம்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழைய சுரங்கம் இரண்டாயிரம் அடி நீளம். ஐம்பதில் ஒரு பங்கு என்றால் நாற்பது அடி. அந்த நாற்பது அடி சுரங்கம் உங்கள் அளவில் பாறையாகிவிட்டது. துணி சுருங்கினால் அந்தக் கோடும் கூடவே சுருங்கும், அதனால்தான் படத்திலேயே அந்தக் கோட்டை வரைகிறார்கள். அதை வைத்து அளக்க வேண்டும். தலைமைப் பொறியாளர் அப்படித்தான் அளந்தார். படத்தை யாரும் மாற்றவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் மச்சான் சொன்னார். விசாரணைக்கு மூன்று நாள் முன்பு, பொறியாளர் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, மத்தியானம் நேராக உங்கள் வீட்டுக்கு வந்தார். நீங்கள் சுரங்க வாயில் தண்ணீர் இறைக்கிற இடத்தில் நின்றிருந்தீர்கள். அண்ணியும் நானும் இருந்தோம்.

"துணி சுருங்கிருக்கு. அவரு இரும்பால அளந்துட்டாரு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும், அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். "நகல் எங்க?"

அண்ணி பெட்டியைத் திறந்து எடுத்தாள். மூலையில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி. 'எஃகு அடிக்கோலால் மூன்று முறை அளந்தது. பிழைக்கு இடமில்லை.' அவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"இது அவங்க கையில கெடைச்சா வேலை மட்டும் போகாது. உள்ள தள்ளிருவாங்க. மூணு உசுரு. பச்சக் கொழந்தைய வெச்சிருக்கீங்க."

கிழித்தால் துண்டு கிடைக்கும், எரித்தால் புகையை யாராவது பார்ப்பார்கள் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அண்ணி எழுந்தாள். நகலைத் துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போனாள். இந்த ஊரில் ஒருத்தி படத்துணி துவைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நான் தண்ணீர் ஊற்றினேன், அவள் கும்மினாள். சுரங்கம் எல்லாம் கறுப்பாகக் கரைந்து ஓடியது. அந்த ஒரு வரி மட்டும் முழுதாகப் போகவில்லை. எவ்வளவு அழுத்தி எழுதினீர்களோ. மறுநாள் அதை உள்மடிப்பில் வைத்துக் குழந்தைக்குச் சட்டை தைத்துவிட்டாள்.

விசாரணையில் "எதால் அளந்தார்" என்ற கேள்விக்கு அவர் தெரியாது என்று சொன்னது அதனால்தான். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் அவரை மச்சான் என்று கூப்பிட்டிருப்பீர்கள், ஜெயில் கம்பிக்குப் பின்னால் இருந்து.

உங்கள் நாற்காலி அவருக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. உட்கார்ந்தால் அந்தப் படம் தன் சாவிக்குள் இருக்கும் என்று உட்கார்ந்தார். தெருவில் நீங்கள் அவர் சட்டையைப் பிடித்துத் திருடன் என்று கத்தியபோது நான் வாயைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "கத்தட்டும். கத்துற வரைக்கும் நிமிந்து நடப்பாரு" என்றார். அண்ணி ஊரை விட்டுப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகச் சட்டையை என்னிடம் கொடுத்து, "உன் அண்ணன் காலம் வரைக்கும் சொல்லாதே" என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷம் சொல்லவில்லை, பலகை என்றதும் அதற்கு மேல் முடியவில்லை. பச்சைப் பெட்டியில் இருந்தது அதுதான். நேரில் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய விறைப்பைப் பார்த்த பிறகு பெட்டியைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

சட்டையை இதோடு அனுப்புகிறேன். உங்கள் சுவரில் மகள் போட்டிருப்பது இதுதான். மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 30

அண்ணாவுக்கு,

இரண்டு வாரம் ஆகிறது. பதில் இல்லை. பார்சல் கிடைத்ததா என்று உங்கள் மகளுக்கு எழுதினேன். "அப்பா சாப்பிடுகிறார், பேசுவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு மேசையில் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாள்.

அதிகாரி அம்மா இரண்டு தடவை வந்துவிட்டாள். படம் குறைவதை நான் சொல்லவில்லை. பலகைக்கு வரி கேட்கிறாள். அந்த வரியையே எடுத்துவிடச் சொல்கிறேன். நான் சொன்னால் கேட்பாள்.

திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை

*

மே 9

தங்கைக்கு,

கடிதமும் சட்டையும் வந்தன. தாமதத்துக்குக் காரணம், அளந்துகொண்டிருந்தேன்.

பத்து அங்குலம் இருக்க வேண்டிய கோடு, ஒன்பதே முக்கால் அங்குலத்துக்கு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, மேலே நிற்கிறது. காலையில் அளந்தேன், மத்தியானம் அளந்தேன், அடிக்கோல் தேய்ந்திருக்கிறதா என்று கடைக்குப் போய்ப் புதிய அடிக்கோல் ஒன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். தேயவில்லை. பிறகு ஒரு காகித நாடாவில் அந்தக் கோட்டைக் குறித்துக்கொண்டு, அதை வைத்துப் பழைய சுரங்கத்தை அளந்தேன். மிச்சப் பாறை இருபத்திரண்டரை அடி. இருபது அல்ல. விசாரணை அறிக்கையில் இரண்டரை அடி பிழை இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாக அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அறுபது இல்லை.

படம் வரைய எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தை வைத்துக் கற்றேன். அட்டை கிழிந்த புத்தகம். அதில் அந்தப் பக்கம் இல்லாமல் இருந்ததா, நான் தாண்டிவிட்டேனா என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். தெரியவில்லை. தாண்டியிருக்கலாம். பேராசிரியருக்கு வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

மடிப்பைப் பிரித்தேன். 'பிழைக்கு இடமில்லை' என்பதில் பாதி இருக்கிறது. என் கையெழுத்துதான். மகள் சட்டையைச் சுவரில் இருக்கிற படத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கழுத்துப் பட்டன் கூட அதே. இத்தனை வருஷம் எதைத் தேடினேனோ அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மூன்று பேரும் செய்தது தவறு. என்னைக் கேட்காமல் என் நகலைத் துவைத்தது தவறு. ஜெயிலுக்குப் போயிருப்பேன். போய்விட்டுத் திரும்பியிருப்பேன். முப்பத்தொரு வருஷம் ஆகியிருக்காது. என் மனைவி என் எதிரே உட்கார்ந்து சோறு போட்டு, நான் உன் வீட்டாரைத் திட்டுவதை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கூட மறுத்துப் பேசவில்லை. அவள் பொறுமைசாலி என்று நினைத்திருந்தேன். இதை அவளிடம் கேட்க முடியாது. உன்னிடம்தான் கோபப்பட முடியும். படுகிறேன்.

பலகை விஷயம். அந்த வரியை எடுக்கச் சொல்லாதே. எடுத்தால் மூன்று பேரும் தாமாகச் செத்ததாக ஆகும். ஆனால் 'நகலாளர் ஒருவரின்' என்று போடக் கூடாது. ஒருவர் என்றால் யார்? அந்த நாற்காலியில் எனக்குப் பிறகு மச்சான் உட்கார்ந்தார். படிக்கிறவர்கள் அவரை நினைத்துவிடக் கூடாது. என் பெயரைப் போடச் சொல். அப்பா பெயரோடு முழுதாக. மூன்று பேர் பெயருக்கும் கீழே, சின்ன எழுத்தில். எழுத்துப்பிழை இல்லாமல் போட வேண்டும் என்றும் சொல்.

படத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வழியில் நனைந்தால் இன்னும் சுருங்கும். நானே கொண்டு வருகிறேன். பத்தொன்பதாம் தேதி காலை பஸ். அதே குடைக்குள் சுருட்டித்தான், சிரிக்காதே. அதிகாரி அம்மாவிடம் நான் எடுத்தேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். உன் வீட்டில் அந்த இரண்டாவது தட்டைக் கவிழ்த்தபடியே வை, எனக்கு வேறு தட்டு போடு.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். ஆனால் நேராக உன் வீட்டுக்கு வர மாட்டேன். முதலில் வெடிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இறங்கினார். அதற்குப் பதில் இருபத்திரண்டரை என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். நாற்காலியை எடுத்து வரும் வரைக்கும் இந்தத் தடவை வாசலில் நிற்கிறேன். சொன்ன பிறகும் அவள் உட்காரச் சொன்னால், உட்காருகிறேன்.

உன் அண்ணன்